நூற்பட்டியலில் தேடுதல்: சொல்லொற்றுமையும் பொருத்த வரிசையும்

இறையியல் மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி இடம்பெறக் காண்கிறோம். எடுத்துக்கொண்ட பொருள் குறித்துத் தமிழில் குறிப்பிடத்தக்க நூல் எதுவும் இல்லை என்பதே அவ்வாக்கியம். அதைத் தொடர்ந்து ஆங்கில நூல்களின் நீண்ட அணிவகுப்பு வருகிறது. நூல் உண்மையாகவே இல்லையா, அல்லது நூலகத்தின் கணினிப் பட்டியலில் மாணவர் இட்ட சொல்லுக்கு அது அகப்படவில்லையா என்று வினவுவார் சிலரே. இவ்விரண்டும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதை முதலாவதாகக் கொள்வதனால் நம் முன்னோர் தமிழில் சிந்தித்து எழுதியவை எழுதப்படாதவை போல் ஆகிவிடுகின்றன. ஆகவே, பட்டியல் எவ்வாறு தேடுகிறது என்பதையும், கண்டவற்றுள் எதனை முன்னும் எதனைப் பின்னும் வைக்கிறது என்பதையும் ஆயரும் மாணவரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

கன்கார்டன்ஸ் எனப்படும் வேதாகமச் சொல்லடைவை நாம் அனைவரும் கையாண்டிருக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரீசு நகரத்துத் தொமினிக்கத் துறவியர் இலத்தீன் வேதாகமத்திற்கு இத்தகைய அடைவொன்றைத் தொகுத்தனர். 1737இல் அலெக்சாந்தர் குரூடன் ஆங்கிலத்திற்கு ஒன்றைத் தந்தார். சொல்லடைவு சொல்லை அறியும், பொருளை அறியாது. 1871ஆம் ஆண்டின் ஐக்கியத் திருப்புதலுக்கு அமைந்த அடைவில் ‘தூய ஆவி’ என்று தேடுபவர் வெறுங்கையுடன் திரும்புவார். அங்கே இருப்பது ‘பரிசுத்த ஆவி’. பப்ரிசியுஸ் ஐயர் ‘பராபரன்’ என்று எழுதிய இடத்தில் ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள், மூன்று வாசல்கள். ஒரு வாசலைத் தட்டினால் மற்ற இரண்டும் திறப்பதில்லை. நூலகத்தின் கணினிப் பட்டியலும் அடிப்படையில் இத்தகைய ஒரு சொல்லடைவே.

கணினி செய்வது என்ன?

நூலின் தலைப்பு, ஆசிரியர், பொருள், வெளியீட்டாளர், வெளியிட்ட ஊர் முதலியன கொண்ட பதிவு ஒவ்வொன்றையும் கணினி சொற்சொல்லாகப் பிரிக்கிறது. பின்பு ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் பதிவுகளின் எண்களைக் குறித்துக்கொள்கிறது. நாம் ஒரு சொல்லை இட்டவுடன் அந்த அடைவைப் புரட்டி எண்களை எடுத்துத் தருகிறது. இடைவெளிக்கும் இடைவெளிக்கும் நடுவே நிற்பது எதுவோ அதுவே கணினிக்குச் சொல். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு சொல். ‘மலை’யும் ‘மலையில்’ என்பதும் அதற்கு உறவினர் அல்லர்.

கண்டெடுத்த பதிவுகள் நூறாயின் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். இங்கேதான் பொருத்த வரிசை என்பது நுழைகிறது. இதற்கான விதிகளுள் புகழ்பெற்றது 1972இல் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் ஆங்கில அம்மையார் வெளியிட்ட கட்டுரையினின்று தோன்றியது: பல பதிவுகளில் வரும் சொல்லுக்கு எடை குறைவு, சில பதிவுகளில் மட்டும் வரும் சொல்லுக்கு எடை மிகுதி. ஒரு நூலகத்தில் 10,000 நூல்கள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ‘வரலாறு’ என்னும் சொல் 1,000 பதிவுகளிலும், ‘கலம்பகம்’ என்னும் சொல் 10 பதிவுகளிலும் வருகின்றன. மொத்தத்தை வகுத்து மடக்கை காணின் முன்னதற்கு 1, பின்னதற்கு 3 என்று எடை கிடைக்கும். ‘கலம்பக வரலாறு’ தேடுபவருக்குக் கலம்பக நூல்கள் முன்னே வருதல் முறைதானே. இதனோடு வேறு சில எடைகளும் சேரும். தலைப்பில் வரும் சொல் குறிப்புரையில் வரும் சொல்லினும் மேலானது. நான்கு சொல் தலைப்பில் ஒன்றாக வருவது இருபது சொல் தலைப்பில் ஒன்றாக வருவதினும் மேலானது.

எல்லாவற்றிற்கும் மேலாக, தேடிய தொடரும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாயின் அந்நூலுக்கு முதலிடம் தரும் வழக்கம் உண்டு. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தில் வெளிவந்து, இன்று நம் நாட்டு நூலகங்கள் பலவற்றிலும் வழங்கும் கோஹா என்னும் மென்பொருளில் இத்தகைய ஏற்பாடு இருக்கிறது: முழுத் தலைப்பு ஒத்தவை முதலில், தொடர் ஒத்தவை அடுத்து, தனிச்சொல் ஒத்தவை அதற்கும் பின். இதனைக் குறை கூறுதல் தகாது. ‘அருணைக் கலம்பகம்’ என்று நூற்பெயரை அறிந்து தேடி வருபவருக்கு அந்நூலே முதலில் நிற்க வேண்டும். அதன்மேல் எழுந்த ஆய்வுரைகள் பத்தைத் தாண்டி அவர் அதைக் காணும்படி செய்வது வேலையற்ற வேலை. வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது நம் சீர்காழி அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தனுள் நான்காவது அன்றோ?

ஆனால், பெயர் அறிந்து வருபவர் வேறு, பொருள் நாடி வருபவர் வேறு. இறையியல் மாணவர் பெரும்பாலும் இரண்டாம் வகையினர். சொல்லொற்றுமை முன்னவருக்குச் செய்யும் நன்மையைப் பின்னவருக்குச் செய்வதில்லை.

அண்ணாமலை படும் பாடு

நம் திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். இவ்வூர்க் கோயிலையும் மலையையும் அவற்றைச் சூழ்ந்த சைவ பக்தி மரபையும் கற்க விரும்பும் ஒரு மாணவர் ‘அருணாசலம்’ என்று இடுகிறார் என்று கொள்வோம். முதலில் வந்து நிற்கக்கூடியவர் யார்? தமிழ் இலக்கிய வரலாற்றை நூற்றாண்டு வாரியாக எழுதிய மு. அருணாசலம் அவர்கள். அவருடைய நூல்கள் பல. ஒவ்வொன்றின் ஆசிரியர் பெயரிலும் அச்சொல் அப்படியே நிற்கிறது. அடுத்து இலங்கைப் பொன்னம்பலம் அருணாசலம் வரலாம். ஆனால், சைவ எல்லப்ப நாவலர் பாடிய ‘அருணாசல புராணம்’ வாராது. ஏனெனில், அத்தலைப்பில் உள்ள சொல் ‘அருணாசல’; இறுதி மகரம் இல்லை. மலையைப் பற்றிய நூல் விலக, மலையின் பெயரைத் தாங்கிய மனிதர் முன்வருகிறார்.

மாணவர் ‘அண்ணாமலை’ என்று இட்டால் இன்னொரு வேடிக்கை நிகழ்கிறது. 1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட நூல்கள் பல. வெளியீட்டாளர் பெயரும் தேடலில் அடங்குமாயின், இலக்கணம் முதல் இசை வரை அப்பல்கலைக்கழகம் வெளியிட்ட யாவும் வரிசையில் வந்து குவியும். அவற்றுள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. ‘அண்ணாமலைப் பல்கலைக்கழகம்’ என்று வல்லெழுத்து மிகுத்துச் சந்தி பிழையாது எழுதிய பதிவுகள் வாரா. ‘அண்ணாமலை பல்கலைக்கழகம்’ என்று ஒற்றை விட்டு எழுதியவையே வரும். இலக்கணம் அறிந்த பட்டியலாளரின் உழைப்பு மறைய, அறியாதவரின் உழைப்பு வெளிப்படுகிறது! காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரும் இக்கூட்டத்தில் ஒருவர். இதற்குமேல், இச்சொல் நூலகமெங்கும் பரவிக் கிடப்பதால் அதன் எடையும் குறைந்துபோகிறது.

ஊர்ப்பெயரின் கதை இதனினும் நீண்டது. அருணை, அருணகிரி, சோணாசலம், சோணகிரி என்று புலவர் வழங்கிய பெயர்கள் ஒருபுறம். ஆங்கிலேயர் ‘டிரினோமலி’ என்று சிதைத்து எழுதியது மறுபுறம். 1767இல் ஐதர் அலியோடு இங்கு நடந்த போரை ஆங்கில நூல்களில் தேடுவோர் இப்பெயரை அறியாவிடின் பலவற்றை இழப்பர். உரோம எழுத்தில் பட்டியலிடும் நூலகங்களில் ‘திரு’ என்பதற்கு ‘எச்’ சேர்ப்பார் உண்டு, சேர்க்காதார் உண்டு. சகரத்திற்கு ஒரு முறையில் ‘சி’, இன்னொரு முறையில் ‘சி’யோடு ‘எச்’, வேறொரு முறையில் ‘எஸ்’. தமிழிலேயே ‘அருணாச்சலம்’ என்று இரட்டித்து எழுதுவோரும் பலர். ஆட்சிப் பிரிவும் மாறியிருக்கிறது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே திருவண்ணாமலை தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதப்பெற்ற நூல்கள் ‘வட ஆற்காடு’ என்னும் தலைப்பின்கீழ் உறங்குகின்றன. அவ்வாற்காடும் சிலரிடம் ‘ஆர்க்காடு’.

இறையியலார் தனியே கருத வேண்டிய எடுத்துக்காட்டு ஒன்றும் இவ்வூரைச் சார்ந்ததே. பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவியான ஹென்றி லெ சோ 1948இல் இந்தியா வந்தார். 1950இல் மொன்ஷானென் அடிகளாருடன் குளித்தலை அருகே சாந்திவனத்தை நிறுவினார். 1949இல் இரமணரைக் கண்டார். பின்னர் ஐம்பதுகளில் அண்ணாமலைக் குகைகளில் தங்கித் தியானித்தார். இம்மலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1979இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. கிறிஸ்தவ – இந்து உரையாடலைக் கற்போர் இவரைத் தவிர்க்க இயலாது. ஆனால், இவர் அபிஷிக்தானந்தர் என்னும் துறவுப் பெயராலும் எழுதினார். பிரெஞ்சுப் பெயரை மட்டும் அறிந்த மாணவர் ஒரு பாதியையும், துறவுப் பெயரை மட்டும் அறிந்தவர் மறுபாதியையும் காண்பர். ஒரே மனிதர் இருவர் என்று எண்ணிக் கட்டுரை எழுதுவதற்கும் இடமுண்டு.

மறுதலையும் உண்டு. ‘வேதநாயகம்’ என்று இட்டால் தஞ்சைச் சுவிசேடக் கவிராயர் வேதநாயகம் சாஸ்திரியாரும் (1774–1864), 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் (1826–1889) கைகோத்து வருவர். முன்னவர் லுத்தரன் மரபினர், பின்னவர் கத்தோலிக்கர். எழுத்து ஒன்றானதால் ஆளும் ஒன்றாகிவிடவில்லை.

எழுத்தின் உள்ளே

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுவதும் கணினிக்கு ஒன்றாக இருக்க வேண்டுவதில்லை. இது பலர் அறியாத செய்தியாதலால் சற்று விரிக்கிறோம். இரமணர் உபதேசத்தின் உயிர்நாடி மௌனம். இச்சொல்லின் முதலெழுத்தை ஔகாரக் குறியிட்டு ‘மௌ’ என்று எழுதுவதே முறை. ஆனால், தட்டச்சு செய்வோர் பலர் மகரத்திற்கு எகரக் குறியிட்டு, அதனை அடுத்து ளகரத்தை வைத்து, ‘மெளனம்’ என்று எழுதிவிடுகின்றனர். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்கோ பின்னது மெ, ள, ன, ம் என்னும் நான்கெழுத்துச் சொல். ‘ஔவையார்’ என்பதை ஒகரமும் ளகரமுமாக ‘ஒளவையார்’ என்று இடுவதும் இவ்வாறே. பதிவைச் செய்தவர் ஒருவகையாகவும் தேடுபவர் மற்றொருவகையாகவும் எழுதினால் இருவரும் சந்திப்பதில்லை. ‘ஸ்ரீ’ என்னும் எழுத்தும் யூனிகோடு முறையில் இருவகைக் குறியீட்டுத் தொடர்களால் அமையக்கூடியது. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் நூற்பெயர்கள் நம் ஊரில் எத்தனை! யூனிகோடு பரவுமுன் வெவ்வேறு எழுத்துரு முறைகளில் சேர்த்த பதிவுகளை மாற்றுகையில் நேர்ந்த சிதைவுகள் இவற்றிற்குப் புறம்பானவை.

நியாயாதிபதிகள் 12ஆம் அதிகாரத்தில் யோர்தான் துறையருகே நின்ற காவலர் ஒரே ஓர் எழுத்தின் ஒலியைக் கொண்டு தம்மவர் யார், எப்பிராயீமர் யார் என்று தீர்த்த வரலாற்றை நாம் அறிவோம். அங்கே தவறாக ஒலித்தவன் உயிரிழந்தான். பட்டியலில் இழப்பு அத்தகையதன்று. எனினும், துறையில் நின்ற அக்காவலரைப் போலவே கணினியும் வந்தவன் யார் என்று கேட்பதில்லை. எழுத்தை மட்டுமே பார்க்கிறது.

தமிழுக்கு இன்னொரு இடர் வேற்றுமையுருபால் வருவது. ஆங்கிலச் சொற்களின் ஈறுகளைக் களைந்து பகுதியைக் காணும் முறையொன்றை மார்ட்டின் போர்ட்டர் 1980இல் வெளியிட்டார். அவர் வழிவந்த ஸ்னோபால் என்னும் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஈறு களையும் நிரல் உண்டு. ஆயினும், தமிழ் நூல்களை வைத்திருக்கும் நூலகங்கள் எல்லாவற்றிலும் அது பொருத்தப்படவில்லை. பொருத்தப்படாத இடத்தில் ‘அருணாசலத்தின் வரலாறு’ என்று தேடினால் என்ன ஆகும்? இரு சொல்லும் வேண்டும் என்று கணினி கொண்டால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். ஒரு சொல் போதும் என்று கொண்டால், ‘அருணாசலத்தின்’ என்னும் உருபேற்ற வடிவம் எந்தத் தலைப்பிலும் இல்லாத நிலையில், ‘வரலாறு’ ஒன்றே வரிசையைத் தீர்மானிக்கும். சோழர் வரலாறும் திருச்சபை வரலாறும் வந்து நிரம்பும். தேடலின் உயிர்ச்சொல் விழுந்துபோக, துணைச்சொல் அரசாளுகிறது. பட்டியல் நீளமாக இருப்பதனால் மாணவர் தேடல் நடந்தது என்றே நம்புகிறார். இது வெறுங்கையினும் தீங்கானது என்பது நம் கருத்து.

திருச்சபைச் சொற்கள்

மேற்கூறிய இடர்கள் யாவும் ஒன்றுகூடும் இடம் நம்முடைய சொல்வழக்கே. சுவிசேஷம் – நற்செய்தி, ஞானஸ்நானம் – திருமுழுக்கு, இரட்சிப்பு – மீட்பு, கிருபை – அருள் என்று இரட்டை வழக்குகள் நம்மிடம் மலிந்துள்ளன. கத்தோலிக்கரின் பழைய நூல்களில் பவுல் ‘சின்னப்பர்’, பேதுரு ‘இராயப்பர்’, யோவான் ‘அருளப்பர்’. ஆண்டவருடைய திருநாமமே இயேசு, யேசு, ஏசு, சேசு என நான்கு வகையாக அச்சேறியுள்ளது. ‘பவுலின் இறையியல்’ என்று தேடும் சீர்திருத்தச் சபை மாணவர், சின்னப்பர் நிருபங்களுக்குக் கத்தோலிக்க அறிஞர் வரைந்த உரைகளைக் காணாமலே பட்டம் பெற்றுவிடலாம். பிரிந்த சபைகள் ஒன்றையொன்று அறிய வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம். பட்டியலிலோ ஒரு சொல் வேறுபாடு அவற்றை இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது.

கிருஷ்ண பிள்ளை 1894இல் வெளியிட்ட காப்பியத்தின் பெயரைப் பாருங்கள். ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்பாரும், ‘இரக்ஷணிய யாத்திரிகம்’ என்பாரும், ‘ரட்சண்ய யாத்ரீகம்’ என்பாரும் உளர். தலைப்பு முழுவதும் ஒத்தால் முதலிடம் என்னும் விதி இங்கே என்ன பயன் தரும்? ஒரு வடிவத்தை இட்டவருக்கு அந்த வடிவத்தில் பதிந்த ஒரு பதிப்பு முதலில் நிற்க, ஏனைய பதிப்புகள் பின்னுமின்றி முன்னுமின்றி மறைந்துவிடும். வரிசைப்படுத்தும் விதி எத்துணை நுட்பமானதாயினும், கைக்கு வந்தவற்றையே அது வரிசைப்படுத்தும்; வாராதவற்றிற்கு வரிசை ஏது?

என் செய்வது?

பழைய அட்டைப் பட்டியலில் ‘காண்க’ என்னும் அட்டை ஒன்று இருந்தது. ‘லெ சோ, ஹென்றி – அபிஷிக்தானந்தர் என்பதன்கீழ்க் காண்க’ என்று ஒரே ஒரு வரி. வாசகர் எவ்வழி வந்தாலும் உரிய இடத்திற்கு அது அவரைச் செலுத்திற்று. கணினிப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. ஒரு பெயருக்கோ பொருளுக்கோ உள்ள வடிவங்களையெல்லாம் ஒரு தலைப்போடு பிணைக்கும் பதிவை ஆணைப்பதிவு எனலாம். மார்க் என்னும் பதிவமைப்பில், நூலின் மாற்றுத் தலைப்புகளுக்கென்றே 246 என்னும் எண்ணுள்ள புலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தலைப்பு அச்சிட்டபடியே தன் இடத்தில் நிற்கட்டும். ஏனைய வடிவங்கள் இப்புலத்தில் சேரட்டும். இப்பணி அறிவும் பொறுமையும் வேண்டுவது. இதனை மென்பொருள் வாங்கிய மறுநாளே முடிந்துவிடும் காரியமென நினைக்கும் நிருவாகக் குழுக்களுக்கு நாம் சொல்லக்கூடியது, ஊதியம் தந்து தமிழறிந்த ஒருவரை அமர்த்துங்கள் என்பதுதான்.

1708இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் தாம் சேர்த்த தமிழ் ஏடுகளுக்கு ஒரு பட்டியல் எழுதினார். நூற்பெயரைக் குறித்ததோடு அவர் நிற்கவில்லை. அது எதைப் பற்றியது, எவர் பயில்வது என்று விளக்கியும் எழுதினார். அவருடைய சமயத் தீர்ப்புகள் அனைத்தும் நமக்கு உடன்பாடல்ல. ஆயினும், பொருளைக் கூறும் அத்தகைய இரண்டு வரிக் குறிப்பு இன்றைய பதிவில் இருக்குமாயின், தலைப்பில் இல்லாத சொல்லும் தேடலில் அகப்படும். ஜி. யு. போப் ஐயரும் பார்னெட்டும் தொகுத்து 1909இல் வெளிவந்த பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியலும் கணினிக்கு முந்தியதாயினும் இன்றும் பயன்படுகிறது. ஆய்வு மாணவர் அதனைப் புரட்டிப் பழகுவது நன்று.

மாணவர் தாமே செய்யக்கூடியதும் உண்டு. ஈற்றைக் களைந்து உடுக்குறி இட்டுத் தேடுதல் எளிய வழி. ‘அருணாசல’ என்பதோடு நிறுத்திக் குறியிட்டால் அருணாசலம், அருணாசலத்தில், அருணாசலேசுவரர் யாவும் வரும். கணினியின் எழுத்தமைப்பில் உயிர்க்குறிகள் மெய்யின் பின்னே நிற்பதனால் ‘இரட்ச’ என்று நிறுத்தினால் இரட்சகர், இரட்சணிய மட்டுமின்றி இரட்சிப்பும் அகப்படும். ஆனால், ‘அருள்’ என்பதை ‘அருள’ என்று நிறுத்தினால் அருளப்பரோடு அருளம்பலமும் வருவார். வலையை அகல விரித்தால் வேண்டாத மீனும் விழும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் இங்கிலாந்தில் கிரான்பீல்டு என்னுமிடத்தில் கிளெவர்டன் நடத்திய சோதனைகள் இதனையே காட்டின: நிறைவை நாடினால் துல்லியம் குறையும், துல்லியத்தை நாடினால் நிறைவு குறையும். ஆய்வைத் தொடங்குகையில் நிறைவையும், நூல் இன்னதென்று அறிந்தபின் துல்லியத்தையும் நாடுவது தக்கது. சொல்லை விட்டுப் பொருளண்மையைக் கொண்டு தேடும் புதிய முறைகளும் இப்போது வந்துள்ளன. அவை ‘மீட்பு’ என்று கேட்டால் ‘இரட்சிப்பு’ம் தரக்கூடும். ஆயினும், நூற்பெயரைச் சரியாக அறிந்து கேட்பவருக்கும் அவை அண்டை அயலையே காட்டும் வேளைகள் உண்டு. ஆகவே, பழைய சொல்லொற்றுமையைத் துணைக்கு வைத்துக்கொள்வோரே விவேகிகள்.

இறுதியாக, நம் பகுதிச் சபைகளின் விழா மலர்களைப் பற்றி ஒரு சொல். சபைகள் பொன்விழாவும் நூற்றாண்டு விழாவும் கொண்டாடுகையில் மலர் வெளியிடுகின்றன. முதற்போதகர் யார், பள்ளி எப்போது எழுந்தது, எந்தக் குடும்பங்கள் முதலில் சபையில் சேர்ந்தன என்னும் செய்திகள் வேறெங்கும் கிடைக்காமல் இம்மலர்களில் மட்டுமே இருப்பது உண்டு. இவற்றின் தலைப்போ பெரும்பாலும் ‘நூற்றாண்டு விழா மலர்’ என்பது மட்டுமே. இருபது மலர்களுக்கு ஒரே தலைப்பு. இருபதும் எழுத்துக்கு எழுத்து ஒத்தவை. எதை முன்வைப்பது என்று கணினி அறியாது. ‘திருவண்ணாமலை லுத்தரன் சபை வரலாறு’ என்று தேடும் மாணவருக்கோ இவற்றுள் ஒன்றும் அகப்படாது. டேனிஷ் மிஷன் என்றும், டேனிய மிஷன் என்றும், ஆற்காடு என்றும் ஆர்க்காடு என்றும், லுத்தரன் என்றும் லூத்தரன் என்றும் மலருக்குள்ளேயே பலவாறு அச்சிட்டிருக்கும். தம் சபையின் மலரை நூலகத்திற்கு அனுப்பும் ஆயர்கள், ஊர், சபை, மிஷன், ஆண்டு ஆகியவற்றை வழங்கும் வடிவங்கள் அனைத்திலும் ஒரு தாளில் எழுதி மலரின் முதல் பக்கத்தில் செருகி அனுப்புவார்களாயின், பட்டியலாளர் அவற்றை அப்படியே பதிவில் ஏற்ற வசதியாகும்.